மேடத்துக்குச் சொல்ல வேண்டும்

வாளி பறந்து வந்து வேலிக் கட்டையில் மோதி உருண்டது. அதிலிருந்த தவிட்டுக் கூழில் பாதி மண்ணிலும் பாதி மகளின் கறுப்பு உடையிலும் போய்ச் சேர்ந்தது. உதைத்த குதிரை பின்னங்காலை நிதானமாகத் தரையில் வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டது.

"நான்தான் சொன்னேனே பாப்பா. மேடம் நம்ம கையாலல்லாம் சாப்பிட மாட்டாங்க" என்றார் ஜாக்கி.

மகள் தன் உடையைக் குனிந்து பார்த்தாள். மூன்று மணிக்கு அப்பாவை அடக்கத்துக்கு எடுத்துப் போகிறார்கள். இப்போதே பன்னிரண்டு ஆகிவிட்டது. வேறு கறுப்பு உடை அவளிடம் இல்லை. வீட்டு முன்னறையில் ஆட்கள் நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் இங்கே வரை கேட்டது.

"தண்ணியாவது குடிச்சாங்களா மாமா?"

"முந்தாநேத்து சாயங்காலம் ரெண்டு வாய். அதோட சரி."

ஜாக்கி இளமையில் பந்தயக் குதிரை ஓட்டியவர். இப்போது அறுபத்தெட்டு வயது. உயரம் மகளின் தோள் வரைக்கும்தான். முப்பது வருடமாக அப்பாவோடு இந்த லாயத்தில் இருக்கிறார். ஒன்பது குதிரைகளில் எட்டு அவர் சொன்னால் கேட்கும். ஒன்பதாவதுதான் மேடம்.

அப்பா லாடம் அடிப்பவர். லாடம் அடிக்கப் போன இடத்திலெல்லாம் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய குதிரை ஏதாவது ஒன்று அவர் கண்ணில் பட்டுவிடும். பந்தயத்தில் தோற்றுப்போனது, ஆளைக் கண்டால் கடிப்பது, வண்டியில் பூட்டினால் படுத்துக்கொள்வது, பிறந்தநாள் விழாவில் குழந்தையைக் கீழே தள்ளிய மட்டக்குதிரை. "ஊசி போட்டு முடிச்சிடலாம்னு இருக்கோம்" என்று சொந்தக்காரர் இழுக்கும்போதே, "எனக்குக் குடுத்துடுங்க" என்பார். அம்மா தலையில் அடித்துக்கொண்டே போய் வெளிக்கதவைத் திறந்துவிடுவாள்.

பெயர் வைப்பதிலும் அவருக்கு ஒரு குசும்பு. எதற்கெடுத்தாலும் எதிர்த்து நின்ற மட்டக்குதிரைக்கு வக்கீல் என்று பெயர். ஒரு கண் தெரியாத கிழட்டுக் குதிரை பெரியவர். மேடம் ஆறு மாதத்துக்கு முன்னால் லாரியில் வந்து, கதவைத் திறந்துவிட்ட பிறகும் மூன்று மணி நேரம் இறங்காமல் நின்றது. இங்கே வருவதற்கு முன்பே வெவ்வேறு இடங்களில் மூன்று பேரைக் கீழே தள்ளி, ஒருவர் கையையும் உடைத்திருந்தது. "மேடம், ஆபீஸ் வந்துடுச்சு, இறங்குங்க" என்றாராம் அப்பா. பெயரும் மரியாதையும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டன.

குதிரைகளைப் பழக்க அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். புதுக் குதிரையிடம் அவராகப் போகவே மாட்டார். அடைப்புக்குள் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். மகள் சின்னப் பெண்ணாக வேலிமேல் ஏறி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வக்கீல் பதினெட்டு நாள் மூலையை விட்டு நகரவில்லை. பத்தொன்பதாவது நாள் பின்னாலிருந்து வந்து, விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்துத் தின்றது. அப்பா திரும்பக்கூட இல்லை. "ஸ்கோரையாவது பாக்க விட்டிருக்கலாம்" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் வேலியிலிருந்து விழப் பார்த்தாள்.

அதே அப்பா, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடு என்றால் ஐந்து நிமிடம் உட்கார மாட்டார். குதிரைகள்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. படித்து, வெளியூரில் வேலைக்குப் போன பிறகும் அது போகவில்லை. ஃபோனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே குதிரை வந்துவிடும். மூன்று வாரத்துக்கு முன்னால் கூப்பிட்டார். "மேடம் இன்னிக்கி காதைத் தொட விட்டாங்கம்மா. ஞாயித்துக்கிழம வந்து பாரேன்." அவள் வரவில்லை. துணி துவைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம்தான் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடைசி நாலு நாள் ஆஸ்பத்திரி.

குதிரை டாக்டர் துக்கம் கேட்க வந்தவர், அப்படியே பின்பக்கம் நடந்து வந்தார். வேலியில் கையை வைத்து மேடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. வாசல் பக்கம் எந்தச் சத்தம் கேட்டாலும் குதிரை தலையைத் தூக்கி, காதைக் கூராக்கிக்கொண்டு பார்த்தது. பிறகு தலை தானாகத் தொங்கியது.

"நாளைக்கும் இப்படியே நின்னா குடல் கட்டிக்கும். அப்புறம் அது படற பாட்டப் பாக்க முடியாது. குழாய் விட்டுத் தண்ணி குடுக்கலாம்னா கிட்டவே விட மாட்டேங்குது. மயக்க மருந்த இந்த உடம்பு தாங்காது" என்றார் டாக்டர். கொஞ்சம் தயங்கினார். "அடக்கம் முடியட்டும். சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்மா. அப்பவும் குடிக்கலன்னா நான் ஊசிய எடுத்துட்டு வரேன். உங்கப்பாவுக்கு நான் செய்ய முடிஞ்சது அதுதான்."

ஜாக்கி தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். வெளியே ஒரு கார் வந்து நின்றது. மேடம் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அப்பாவத் தேடுறாங்க" என்றாள் மகள்.

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நடந்தது அது. அப்பா ஏதோ ஒரு குதிரையைக் கூட்டிவர வெளியூர் போயிருந்த நாளில் வக்கீல் செத்துப்போனது. பக்கத்து அடைப்பு பெரியவருடையது. இரண்டும் ஒரே தொட்டியில் தின்பவை. பெரியவர் பார்த்தால் பாவம் என்று, அவர் மேயப் போயிருந்த நேரத்தில் அவசர அவசரமாகப் புதைக்கச் சொல்லி ஜாக்கியை அவள்தான் அழுது விரட்டினாள். அன்று மாலை பெரியவர் வேலியோரமாக நடக்க ஆரம்பித்தார். நடப்பார், நின்று கூப்பிடுவார், பதிலுக்குக் காத்திருப்பார், மறுபடியும் நடப்பார். இருபத்திரண்டு நாள். பாதி உடம்பாகிவிட்டார்.

அப்பா அவளைத் திட்டவில்லை. "காட்டினியா?" என்று மட்டும் கேட்டார்.

"பாவம்னு காட்டலப்பா."

"செத்துட்டான்னு தெரிஞ்சா ரெண்டு நாள் அழும். காணோம்னா தேடிட்டே இருக்கும்மா."

அதற்குப் பிறகு அந்த லாயத்தில் எந்தக் குதிரை செத்தாலும், மற்றவை எல்லாம் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும் வரை அதைத் தொட மாட்டார்கள்.

மகள் வீட்டுக்குள் போனாள். முன்னறையில் அப்பா பெட்டியில் படுத்திருந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தான். எதையும் சரியாகச் செய்பவன் அவன். நல்ல கோட்டு, நல்ல சட்டை, படிய வாரிய தலை. வாழ்க்கையில் ஒருநாளும் அப்பா இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. நகக்கண்ணில்கூட அழுக்கு இல்லை.

அவள் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முகம் மாறியது.

"உனக்கு என்ன பைத்தியமா? அப்பாவ லாயத்துக்குத் தூக்கிட்டுப் போகணுமா?"

"அஞ்சு நிமிஷம் அண்ணா. மேடம் பாக்கணும். இல்லன்னா சாயங்காலம் ஊசி போட்டுடுவாங்க."

"அது ஒரு உதை விட்டா? பெட்டியோட அப்பா கீழ விழறத இத்தன பேரு முன்னாடி நான் பாத்துட்டு நிக்கணுமா?" அவன் குரல் உடைந்தது. "இப்பவாவது அவர விடு. உயிரோட இருந்தப்பத்தான் அதுங்க காலடியிலயே கெடந்தாரு."

அவனுக்கும் அதே பொறாமைதான் என்று இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தெரிந்தது. டாக்டர் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "குதிரை செத்தா காட்டுவாங்க, தெரியும். மனுஷனக் காட்டி நான் கேள்விப்பட்டதில்ல" என்று முனகினார்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தலையைத் தூக்கினாள்.

"நாலு நாளும் மேடம் எப்படி இருக்காங்க, மேடம் சாப்பிட்டாங்களான்னு இதே கேள்விதான் ஆஸ்பத்திரில. நீ சாப்பிட்டியான்னு என்ன ஒரு வார்த்த கேக்கல மனுஷன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காட்டிடுங்கப்பா. இல்லன்னா அங்க போயும் கேட்டுட்டே இருப்பாரு."

யாரோ சிரித்துவிட்டு, பயந்துபோய் நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

ஆறு பேர் தூக்கினார்கள். அண்ணன், டாக்டர், பேக்கரிக்காரர், எதிர்வீட்டுத் தையல்காரர், அம்மாவின் இரண்டு தம்பிகள். ஜாக்கியின் தோள் எட்டவில்லை. அவர் மூடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அடைப்புக்கு நடுவில் இரண்டு வைக்கோல் கட்டுகளைப் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். எல்லோரும் வேலிக்கு வெளியே போனார்கள். மகள் மட்டும் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள்.

மேடம் வந்தது. ஒவ்வொரு அடியாக, கழுத்தை நீட்டிக்கொண்டு. மூக்கு அப்பாவின் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் புஸ்ஸென்று ஒரு சீறல். காதுகள் பின்னால் படிந்தன. சட்டென்று சுழன்று பெட்டிக்குப் பின்பக்கத்தைக் காட்டியது. பின்னங்கால் ஒன்று லேசாக உயர்ந்தது.

"வெளிய வா!" என்றான் அண்ணன்.

அவள் நகரவில்லை. குனிந்து அவளும் அப்பாவை முகர்ந்தாள். சோப்பு, சென்ட், ஆஸ்பத்திரி மருந்து. அப்பா எங்கேயும் இல்லை. யாரோ ஒரு சுத்தமான மனிதர் அங்கே படுத்திருந்தார்.

"மாமா! அப்பாவோட ஜெர்க்கின்! தீவன ரூம் கதவுக்குப் பின்னாடி இருக்கும்!"

அந்த ஜெர்க்கினை அம்மா வீட்டுக்குள் விட்டதே இல்லை. இருபது வருட வியர்வை, சூடான லாடம் பட்டுக் கருகிய குளம்பின் புகை, புகையிலை எல்லாம் அதில் ஊறிக் கிடந்தது. துவைக்கிறேன் என்று அம்மா கேட்பதும், நாளைக்கு என்று அப்பா சொல்வதும் வாரா வாரம் நடக்கும். ஜாக்கி மூச்சிரைக்க ஓடிவந்து கொடுத்தார். மகள் அதை விரித்து, நல்ல கோட்டுக்குமேல், அப்பாவின் கழுத்து வரை போர்த்தினாள்.

மேடம் திரும்பியது. உயர்ந்த கால் தரைக்கு வந்தது.

முதலில் ஜெர்க்கினின் கை. பிறகு பை. மேல் உதட்டால் பையின் மூடியைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மெதுவாக மேலே வந்து, அப்பாவின் தாடை, கன்னம், மூடிய கண் ஒவ்வொன்றாக முகர்ந்தது. படிய வாரியிருந்த தலைமுடி அதன் மூச்சில் கலைந்து நெற்றியில் விழுந்தது. இப்போதுதான் அவர் அப்பாவைப்போல இருந்தார். மகளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. பெட்டியை விட்டு விலகி, அடைப்பின் கோடிக்குப் போய், வாசல் பக்கம் பார்க்காமல் நின்றது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெர்க்கினை எடுக்க அண்ணன் கையை நீட்டினான். எடுக்கவில்லை. அப்பாவின் தோள்களுக்குக் கீழே அதைச் செருகிவிட்டு, ஜாக்கியிடம் மூடியை வாங்கி மூடினான். ஆறு பேரும் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். கதவைத் தாண்டிப் பத்து அடி போயிருப்பார்கள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

உறிஞ்சும் சத்தம்.

மகள் திரும்பினாள். கோடியில் இருந்த தொட்டியில் மேடம் மூக்கை வைத்திருந்தது. ஒவ்வொரு மடக்கும் கழுத்து வழியாக உருண்டு இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. அடுத்த அடி வைக்கப்போன தையல்காரரை அண்ணன் தடுத்தான்.

"யாரும் அசையாதீங்க" என்றான், உதடு அசையாமல். "குடிக்கட்டும்."

ஆறு பேரும் வெயிலில் அப்படியே நின்றார்கள். பேக்கரிக்காரரின் முழங்கால் நடுங்கியது. அண்ணனின் நெற்றி வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை, கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டான். வெளியே, பெட்டியை ஏற்றக் காத்திருந்த வேன் டிரைவர் இன்ஜினை அணைத்தார்.