ஹேகன் தோப்பில் கிடந்த புல்வெட்டி

ஆர்டிஸிடம் அப்போது ஒன்பது புல்வெட்டிகள் இருந்தன. எல்லாமே குதிரை பூட்டி இழுத்த காலத்து இரும்பு வண்டிகள். இரண்டு சக்கரம், மேலே ஒற்றை இருக்கை, வலப்பக்கம் தரையோடு தரையாக நீளும் பல்வரிசைக் கத்தி. விஸ்கான்சினில் பள்ளிப் பேருந்து ஓட்டிச் சம்பாதித்ததையெல்லாம் அவள் துருவில் கொட்டுகிறாள் என்பது கணவன் வெர்னின் ஓயாத புலம்பல். "மத்த பொம்பளைங்க பீங்கான் கோப்பை சேர்ப்பாங்க. என் பொண்டாட்டி சேர்க்கிறதைத் தூக்க கிரேன் வேணும்" என்பான்.

பத்தாவது வண்டி பக்கத்துப் பண்ணைக்கார ஹேகன் வீட்டுத் தோப்பில் கிடைத்தது. அதன் சக்கர ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு மேப்பிள் மரமே வளர்ந்திருந்தது. "யார் போட்டதோ, எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா கிடக்கு. மரத்தை அறுக்கத் தெம்பிருந்தா எடுத்துட்டுப் போ" என்றான் இளைய ஹேகன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அதோடுதான் கிடந்தாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இறுகிப்போன மரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கால் வைக்கும் மிதி உடைந்த இடத்தில் யாரோ ஒரு குதிரை லாடத்தை அறைந்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். அந்த ஒட்டுவேலை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதை மட்டும் மாற்றவில்லை. கத்தியின் பற்களை அரத்தால் தீட்டித் தீட்டிப் பளபளக்க வைத்தாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, அவள் அண்ணன் செல்மர் சாப்பாட்டுக்கு வந்தான். அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே மரக்கால். நாலு வயதில் பனியில் விறைத்து அழுகிப்போனதால் எடுத்துவிட்டார்கள் என்பதுதான் ஆர்டிஸ் கேட்டு வளர்ந்த கதை. அதெல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பு.

"சாப்பாடு இருக்கட்டும், முதல்ல என் புது ராணியைப் பாரு" என்று அவனை வயலோரம் இழுத்துப் போனாள். சிவப்பும் மஞ்சளுமாகச் சாயம் பூசிய வண்டி, அறுக்காத புல்லுக்கு முன்னால் நின்றது.

செல்மர் சிரித்துக்கொண்டே வந்தவன், லாடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கையிலிருந்த காப்பி மரக்கால் மேல் கொட்டியது. அவனுக்கு அது உறைக்கவில்லை.

"இதை எங்க புடிச்சே?"

"ஹேகன் தோப்புல. ஏன்?"

"இது நம்ம குதிரை டாலியோட லாடம். அப்பா அடிச்சது."

"நம்ம அப்பாவா? அப்ப இது நம்ம வீட்டு வண்டியா!" அவளுக்குச் சந்தோஷத்தில் குரலே ஏறிவிட்டது.

"பனியும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆர்டிஸ். என் காலை எடுத்தது இதுதான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கண் தானாகக் கத்திக்குப் போனது. தான் தீட்டிய பற்கள். உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி மறுபடி துடைத்தாள்.

"அப்பாவா ஓட்டினாரு?"

"அம்மா."

சாகும்வரை அம்மா புல்வெட்டிகள் நிற்கும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வந்தால் காரிலேயே இருப்பாள். தன் ஆசையை அம்மா ஏளனமாக நினைக்கிறாள் என்று ஆர்டிஸ் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

"அப்பா குடல்வால் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருந்தாரு," என்றான் செல்மர். "மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. புல் வீணாயிடுமேன்னு அம்மாவே குதிரை பூட்டினாங்க. என்னைத் தூங்க வச்சுட்டுத்தான் போனாங்க. நான் முழிச்சு, தேடிக்கிட்டுப் புல்லுக்குள்ள போயிட்டேன். திரும்பி வந்த அப்பா வண்டியைக் கண்ணுல படாம எங்கயோ கொண்டு தள்ளிட்டாரு. ஊருக்கெல்லாம் தெரியும், யாரும் வாயைத் திறக்கல. நீ பொறந்தப்புறம் உனக்குன்னு ஒரு கதை கட்டினாங்க. நீயாவது அம்மாவைச் சாதாரணமா பாக்கட்டுமேன்னு."

"வெர்ன்!" என்று அலறினாள் ஆர்டிஸ். "டிராக்டரை எடு! இந்தச் சனியனை இப்பவே பழைய இரும்புக்குப் போடணும்!"

"சும்மா இரு" என்றான் செல்மர். சக்கரத்தைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். ஓடிவந்த வெர்னிடம், "நீ புல்லுக்குள்ள போ. கத்திக்கு முன்னால, கொஞ்சம் தள்ளி. சின்னப் பிள்ளை உசரத்துக்குக் குந்து" என்றான்.

"சர்ச்சுக்குப் போட்ட சட்டைப்பா" என்றான் வெர்ன். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் புல்லுக்குள் போய் மண்டியிட்டான்.

செல்மர் கத்தியின் நுனியையே உற்றுப் பார்த்தான். காற்றில் புல் முழுக்க அசைந்தது.

"கையை ஆட்டு, வெர்ன்."

"ஆட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

செல்மர் இருக்கையில் முன்னால் சாய்ந்து பார்த்தான். "தெரியல," என்றான். "ஆர்டிஸ், இங்கேர்ந்து ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல. அம்மா கவனிச்சிருந்தா என்னைப் பாத்திருக்கலாம்னுதான் நான் இத்தனை வருஷமா… அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. பேசினாலும் முகத்தைப் பாத்துப் பேசினதில்ல. அவங்களுக்கும் அது தெரியும்."

அவன் இறங்கியதும் ஆர்டிஸ் ஏறி உட்கார்ந்தாள். புல்லைத் தவிர எதுவும் இல்லை. குதிரைகளை அம்மா எப்படி இழுத்து நிறுத்தினாள், எப்படி இறங்கினாள் என்று அவள் கேட்கவில்லை.

"எழுந்திருக்கலாமா? முழங்கால் போச்சு" என்று புல்லுக்குள்ளிருந்து வெர்னின் குரல் வந்தது.

அன்று சாயங்காலம் ஆர்டிஸ் கத்தியை மட்டும் வண்டியிலிருந்து உருவி எடுத்து, எங்கே என்று தனக்குச் சொல்லாமல் புதைத்துவிடும்படி வெர்னிடம் கொடுத்தாள். வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கவில்லை. செல்மர் கொடுக்கவிடவில்லை.