வாத்துக்கு என்னாச்சு?

ஃப்ரீசர் பெட்டிக்கு வேறு பிளக் பாயிண்ட் கிடைக்கவில்லை என்று டிவி ஒயரைப் பிடுங்கினார் சைமன்ராஜ். பெட்டிக்குள் கிடந்தது அவருடைய தம்பி சேவியர்ராஜ். நைட் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று ஒரே ஒரு தரம் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் மனைவி மெர்லின் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களும் வாய்விட்டு அழவில்லை. அழ விட்டால்தானே! ஐந்து வயது மகள் ஜெனிட்டா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஷ்ஷ்... அப்பா தூங்குறாரு. நைட் ஷிப்ட்டு."

அவளுக்கு அப்படிச் சொன்னது சேவியரின் அக்கா மரியபுஷ்பம். காலையில் பிள்ளை கேட்டதும் பதறிப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். நைட் ஷிப்ட்காரர் வீட்டில் பிள்ளைகளை அடக்க நாள்தோறும் சொல்வதுதான். பிள்ளை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மரியபுஷ்பம் இப்போது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

சைமன்ராஜ் மெர்லினிடம் குனிந்தார். "ஃபாதர் வந்துகினு இருக்காரும்மா. சவப்பொட்டிய மூடுறப்போ பாப்பாவ பக்கத்து வூட்ல வுட்டுடலாமா?"

மெர்லின் ஜெனிட்டாவைப் பார்த்தாள். தூங்குகிற அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடி, மண்ணில் புதைத்துவிட்டார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டால்? அப்புறம் எந்த இராத்திரி கண்ணை மூடுவாள்? மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும். எந்த வாயால் சொல்வது, கர்த்தரே!

அணைந்து கிடந்த டிவியில் மெர்லினின் பார்வை நின்றது. சேவியர் தூங்கும்போது ஜெனி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் பொம்மைப்படம் பார்ப்பாள். எங்கே தூங்கினான் அவன்? பின்னால் பாயில் படுத்துக்கொண்டு, பொம்மை வாத்துகளுக்கெல்லாம் கிசுகிசுப்பாகக் குரல் கொடுப்பான். ஒருநாள் கிழட்டு வாத்து செத்துப்போனது. அதற்கும் ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அஞ்சு வயசுப் புள்ளகிட்ட சாவப் பத்தியா பேசுவாங்க?" என்று அன்றைக்கு மெர்லின் எகிறினாள்.

"டிவியிலயே வந்துட்டுதே. நான் சொல்லலன்னா அதுவா எதையாவது நெனச்சி பயந்துக்கும்டி."

மெர்லின் சுவரோரத்திலிருந்து எழுந்து, ஜெனியைச் சமையலறைக்கு அழைத்துப்போய் மடியில் உட்காரவைத்தாள்.

"ஜெனி, டிவியில அந்தக் கிழட்டு வாத்து இருந்திச்சே. அதுக்கு என்னாச்சு?"

"செத்துப்போச்சு."

"தூங்கலையா?"

"இல்லம்மா. தூங்குனா, எழுப்புனா எழுந்துக்கும். செத்துட்டா எழுந்துக்காது. வலிக்காது, பசிக்காது, காதும் கேக்காது. அப்பா சொன்னாரு."

மெர்லின் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவும் செத்துட்டாரு ஜெனி."

ஜெனி அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"தூங்குறாருன்னு அத்தை சொன்னாங்களே."

"அத்தைக்குச் சொல்ல பயம். எனக்கும்தான்."

"நீ எழுப்பிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி. எவ்ளோ உலுக்கினேன் தெரியுமா?"

ஜெனி அம்மாவின் வளையலை உருட்டினாள்.

"குட்டி வாத்து ரொம்ப அழுதிச்சும்மா" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் உதடு பிதுங்கியது. மெர்லினின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். அப்போதும் மெதுவாகத்தான் அழுதாள்.

வெளியே ஃபாதர் வந்துவிட்டார் என்றார்கள். ஜெனி மடியிலிருந்து இறங்கினாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பெட்டியின் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தாள். பிறகு நேரே மரியபுஷ்பத்திடம் போய், அவள் வாயிலிருந்த முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, சத்தமா அழுங்க. அப்பா எழுந்துக்க மாட்டாரு."

மரியபுஷ்பம் அலறிய அலறலில், அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள்.