பிரியாணி முடிவதற்குள் ஒரு வார்மர்

1

"அக்கா, பிளக்கைப் புடுங்கட்டுமா?"

சரத்குமாரின் கை அதற்குள் ஒயர் மேல் போயிருந்தது. நர்ஸ் ஜெனிஷா திரும்பவில்லை. வார்மரின் சூட்டுக்குக் கீழே, இப்போதுதான் பிறந்த பெண் குழந்தை மூச்சை விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. காற்றுப் பையை அமுக்க ஒரு கை, மூக்கின் மேல் மாஸ்க்கைப் பிடிக்க ஒரு கை. அவளுக்கு இருந்ததே அவ்வளவுதான். பின்னால் கட்டிலில் தாய் செந்தமிழுக்கு ரத்தம் நிற்கவில்லை.

"கையை எடு தம்பி."

"இன்ஸ்பெக்ஷன் குழு பிரியாணி சாப்ட உக்காந்துட்டாங்கக்கா. அவங்க எந்திரிக்கறதுக்குள்ள மெஷின் எங்க சென்டர்ல நிக்கணும்."

2

வாசகரே, இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு தகரம். வாரப் பத்திரிகையில் எழுதும் துப்பறியும் தொடருக்குப் பிணம் போட இடம் தேடி மரக்காணம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். வெள்ளை உப்புக் குவியல், அதன்மேல் ஒரு சிவப்புத் துளி வேண்டும் என்று ஆசிரியர் ஆசைப்பட்டிருந்தார். துளி கிடைத்தது, என் காலிலிருந்து. துருப்பிடித்த தகரம். டி.டி. ஊசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். (எந்த ஊர் நிலையம் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரைப் போட்டுப் பாருங்கள், பொருந்தும்.)

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"முகமூடி மனிதன் பதுங்கிப் பதுங்கி வந்து ஜெனரேட்டர் ஒயரை அறுத்—"

அடித்துவிட்டேன். அங்கே ஜெனரேட்டர் இல்லை.

"நர்ஸ் வேடத்தில் நுழைந்தவளை மற்ற நர்ஸ்கள் சந்தேகத்தோடு—"

மற்ற நர்ஸ்களா? ஜெனிஷாவைத் தவிர எல்லா இடமும் காலி. வேடம் போட்டு வந்தவளைப் பிடித்து டூட்டியில் உட்கார வைத்திருப்பார்கள்.

வில்லன் வந்து கெடுப்பதற்கு எதையாவது மிச்சம் வைக்கவேண்டாமா? எங்கள் பிழைப்பும் ஓட வேண்டுமே.

3

அன்று காலை தர ஆய்வு. அதற்காகப் பக்கத்து நிலையத்து வார்மர், ஆக்சிஜன் சிலிண்டர், ஜன்னல் திரை, குரோட்டன்ஸ் தொட்டிகள் எல்லாம் முந்தின நாளே சரத்குமார் ஓட்டும் குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியிருந்தன. மதியம் குழு அந்த நிலையத்துக்குப் போகும். குழுவுக்கு முன்னால் இவை போய்விடும். (மாவட்டத்தில் அதிகம் ஊர் சுற்றிய செடிகள் அவைதான். அதிகாரிகளின் முகம்கூடப் பழகியிருக்கும்.)

வாசல் போர்டுக்கும் புதுப் பெயின்ட். 'மருத்துவ அலுவலர்: டாக்டர் விஜயகுமார்.'

குழுத் தலைவர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். பிரசவ அறைக்குள் நுழைந்ததும், சுவரில் இருந்த பிளக்குகளில் கரண்ட் வருகிற ஒன்றில் யாரையும் கேட்காமல் தன் செல்போன் சார்ஜரைச் சொருகினார். [ஆசிரியர்: இந்த வரி தேவையா? நான்: இருக்கட்டும் சார்.]

"மெடிக்கல் ஆபீசர் எங்கம்மா?"

ஜெனிஷா தரையைப் பார்த்தாள். "டெபுடேஷன்ல வேற டூட்டி பாக்கறாரு சார்."

"எப்பலேர்ந்து?"

"சேந்த வாரத்துலேர்ந்தே சார்."

"இப்டி இருந்தா ஜனங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்று வருத்தப்பட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். வார்மருக்கு முழு மதிப்பெண். நல்ல பராமரிப்பு என்று பாராட்டும் கிடைத்தது.

குழு கிளம்பிய கையோடு செந்தமிழ் வந்தாள். உப்பு வாரும்போதே வலி எடுத்து, அம்மா முத்தம்மாளோடு ஷேர் ஆட்டோவில். மாதம் நிறையவில்லை. வார்மர் ஊரில் இருந்த நேரமாகப் பார்த்துப் பிறந்தது குழந்தையின் சாமர்த்தியம்.

4

"அங்க வார்மர் இல்லன்னா சென்டர் பெயிலுக்கா. எனக்கு வேலை போயிடும்," என்றான் சரத்குமார்.

முத்தம்மாள், ஜெனிஷா சொன்னபடி மகளின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். "ஏம்பா, புள்ளயையும் சேத்து வண்டியில ஏத்திக்க. அங்க பொறந்ததுன்னு காட்டு. அவங்களுக்கும் ரெண்டு மார்க் வரட்டும்."

"நக்கல் பண்ணாதீங்கம்மா."

"எம்பொண்ணு கை சில்லுன்னு ஆவுது. எனக்கு நக்கலு ஒண்ணுதான் கொறச்சல்."

சரத்குமார் ஒயரிலிருந்து கையை எடுத்தான். செந்தமிழுக்கு ரத்தம் நிற்க ஊசி போட்டாகிவிட்டது, அடுத்து டிரிப் ஏற்ற வேண்டும். ஜெனிஷா காற்றுப் பையை விட்டால் குழந்தை போய்விடும். விடாவிட்டால் தாய். ஆம்புலன்ஸ் திண்டிவனத்தில் ஒரு கேஸை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தது.

பெஞ்சில் இருந்த நானா? எத்தனையோ கொலை செய்த கைதான். ஒரு டிரிப் ஏற்றத் தெரியாது.

5

முடிவு அ: சரத்குமார் பிளக்கைப் பிடுங்குகி— (மாட்டேன் என்கிறான். வில்லனாக்கப் பார்த்தேன், தேறவில்லை.)

முடிவு ஆ: கடைசி நொடியில் ஆம்புலன்ஸ் சீறி வந்து நிற்கிறது. (வரும். சனிக்கிழமை பாண்டிச்சேரிக்குப் பறக்கும் கார்கள் வழிவிட்டால்.)

முடிவு இ: நான் கண்ணால் பார்த்தது. அதையும் பாதியில் நிறுத்துகிறேன். மிச்சம் உங்கள் பொறுப்பு. இந்த நிலையத்தில் இன்னொரு காலியிடம் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

6

குழுத் தலைவர் திரும்பி வந்தார். சார்ஜரை மறந்துவிட்டாராம். பிரியாணி வாசனை அவருக்கு முன்னால் வந்தது. கட்டிலைப் பார்த்தார், வார்மரைப் பார்த்தார், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"சார், அந்தம்மாவுக்கு டிரிப் போட்டுக் குடுங்க சார்," என்றாள் ஜெனிஷா, குழந்தையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"நான் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவன்மா. பேஷன்ட்டைத் தொட்டா ரூல்ஸ் இடிக்கும்." குரல் இறங்கியது. "இந்த சென்டர் டாக்டருக்குப் போன் பண்ணு."

ஜெனிஷா பையை அமுக்கியபடியே, அன்று முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பண்ணா உங்க பாக்கெட்லதான் அடிக்கும், விஜயகுமார் சார். உங்க ஸ்டெத்து அதே டிராயர்லதான் இருக்குது."