வலைக்கூண்டில் மூன்று கைதிகள்

மாமல்லபுரம் சாலையிலுள்ள அந்தப் பழைய தாவரத் தோட்டத்தில் நான் சிறைப்பட்டிருந்த நேரத்தில், பல்லவர்கள் இன்னும் இரண்டு கோயில்கள் குடைந்திருப்பார்கள். அரை மணி நேரம்தான் என்கிறாள் என் மனைவி ஞானம்பாள். நிழலில் நின்றவளுக்கு என்ன தெரியும்?

எல்லாம் என் அனுபவம் செய்த வேலை. அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் காலம் முழுக்க இரட்டைக் கதவுக்குள் போய்வந்தவன் நான். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். அங்கே அதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இங்கே, அரிய செடிகள் வளரும் வலைக்கூண்டில், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நானோ, பின்னால் வரும் மனைவிக்காக வெளிக்கதவில் என் செருப்பைச் சொருகிவிட்டு உள்கதவையும் திறந்தேன். ஹெலிகாப்டர் அளவில் ஒரு கருவண்டு தலைக்கு மேலே உள்ளே பறந்தது. பதறி நானும் உள்ளே போய் உள்கதவை அறைந்து சாத்தினேன். அதன் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் தானாகவே விழுந்தது.

"யாரு சார் உங்கள உள்ள வுட்டது?"

தரையில் மண்டியிட்டிருந்த பெண் கேட்டாள். ரெஜினா, இந்தச் செடிகளைக் காப்பாற்றுவதுதான் அவள் வேலை. கையில் மெல்லிய தூரிகை. எதிரே தொட்டியில் ஒரு கொடி, அதில் ஒரே ஒரு மொட்டு.

"நானேதான்மா. இந்த மாதிரிக் கதவெல்லாம் எனக்கு..."

"கதவு கெடக்கட்டும். அந்த வண்டு உங்க கூட்டாளியா?"

மொட்டை உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு சொன்னாள்: "இவ பேரு கோபக்காரி. நட்டதுலேர்ந்து இன்னிக்குத்தான் பூக்குறா. இவளோட ஆண் கொடி செத்துப்போச்சு. அதோட மகரந்தம் இந்தக் குப்பில கீது, அவ்ளோதான். வெளிய வேலி பூரா இவ பங்காளிக் கொடி பூத்துகினு கீது. வண்டு அந்தத் தூள இங்க தேச்சிச்சின்னா கலப்பு வெதைதான் சார் வரும். காட்ல இவ இனம் இருந்த எடத்தையெல்லாம் மனை போட்டுட்டாங்க."

இட்லிப் பானைக்குள் நிற்பதுபோல் வெந்தேன். "ஞானம்! கதவைத் திற!" என்று நான் போட்ட கூச்சலுக்குச் செங்கல்பட்டில் ரயிலே நின்றிருக்கும். ஞானம் எங்கோ ஆலமரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வண்டு மொட்டைச் சுற்றியது. துண்டை வீசினேன். அது ஒரு வட்டமடித்து என் வழுக்கையில் வந்து உட்கார்ந்தது.

"அசையாதீங்க சார்! பூ விரியுது!"

அசையவில்லை. மண்டைமேல் ஆறு கால்கள் ஊர்வலம் போயின. மூக்கு நுனியில் வேர்வை. அந்த நேரம் பார்த்து ஞானம் வந்து உள்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"கூப்ட்டீங்களா?"

"திறக்காதே!" என்றேன், உதடு அசையாமல். வெளிக்கதவில்தான் என் செருப்பு இருக்கிறதே. பங்காளித் தூளோடு அத்தனை வண்டுகளும் உள்ளே வந்துவிடும்.

"திறக்கச் சொல்லித்தானே ஊரைக் கூட்டினீங்க?"

"கையை எடு, தாயே!"

ரெஜினா குப்பியில் தூரிகையைத் தொட்டுப் பூவின் நடுவே தடவினாள். காகித உறையை மாட்டி நூலால் கட்டினாள். "இப்போ தொறங்கம்மா."

முதலில் வெளியேறியது வண்டுதான்.

ஞானம் என் தலையைப் பார்த்தாள். மஞ்சளாய்த் தூள் அப்பியிருந்தது. "இதுக்கும் ஒரு உறை மாட்டிடும்மா," என்றாள்.

"காய் புடிச்சா சொல்றேன் சார். வெளிய நின்னே கேட்டுக்கோங்க," என்றாள் ரெஜினா.

பிடித்துவிட்டதாம். சுண்டைக்காய் அளவு என்று போனில் சொன்னாள். நான் பார்ப்பவர்களிடமெல்லாம் பூசணிக்காய் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.