மல்லாந்து கிடந்த சிலந்தி

அத்தான் தவறிப்போன பிறகு, அவர் ஆசையாக வளர்த்த உள்ளங்கை அகலச் சிலந்தி அக்காவின் பொறுப்பானது. யாருக்காவது கொடுத்துத் தொலை என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே.

ஒருநாள் அது கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாந்து கிடந்தது. விட்டது தொல்லை என்று குப்பைக்கூடையை எடுத்து வந்தேன்.

“தொடாதே,” என்றாள் அக்கா. “செத்தா காலைச் சுருட்டிக்கும். மல்லாந்து கிடந்தா தோல் உரிக்குதுன்னு அர்த்தம். அவசரப்படக் கூடாதுன்னு அவர் சொல்லியிருக்கார்.”

சாயங்காலம் பழைய தோல் ஒரு பக்கம் கிடக்க, சிலந்தி மெல்லப் புரண்டு எழுந்து நின்றது. அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரும் மல்லாந்துதான் கிடந்தார். நீங்கல்லாம்தான் அவசரப்பட்டுத் தூக்கிட்டுப் போயிட்டீங்க.”