நிழலில் வைத்து அடியுங்கள்

முதல் குத்து கறுப்புக் கண்ணாடியில்தான் விழுந்தது. காளீஸ்வரனின் மூக்கு கிழிந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. கீழே விழுந்த கண்ணாடியைப் பால்பாண்டி செருப்புக் காலால் மிதித்து நொறுக்கினான்.

"ஆடு களவாங்க வந்தவனுக்குக் கூலிங்கிளாஸு கேக்குதோலே?"

நரிக்குடிப் பக்கம் ஒரு மாதமாக ஆடுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முகத்தை மூடிக்கொண்டு பைக்கில் வருகிறவர்களின் வேலை என்று பேச்சு. பால்பாண்டிக்கு மட்டும் ஐந்து வெள்ளாடு போயிருந்தது. உச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை, கையுறை, தலையைச் சுற்றித் துண்டு, கறுப்புக் கண்ணாடி என்று ஒருவன் மிச்சமிருந்த ஆடுகளுக்கு நடுவே கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு என்ன தோன்றும்? விசாரிக்கத் தோன்றாது. நம் ஆட்களுக்குக் கை முந்திக்கொள்ளும், வாய் பிறகுதான்.

காளீஸ்வரன் அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவன். உடம்பெல்லாம் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ். வாரம் இரண்டு நாள் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் நின்று உடம்பில் வெளிச்சம் வாங்க வேண்டும். பெட்டிக்குள் அது அளந்து கொடுக்கிற மருந்து. வெளியே வந்தபின், மாத்திரை உடம்பில் இருக்கும்வரை, வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், கண் கெடும். மறுநாள் காலை வரை மூடிக்கொண்டுதான் திரிய வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தவன், இன்று மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுத் தொலைத்தான். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் குமட்டிக்கொண்டு வர, பாதி வழியில் இறங்கி, மரத்தடியில் வாந்தியெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

சத்தம் கேட்டு ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள். கம்பு விழுந்தது, கல் விழுந்தது. கையைப் பின்னால் முறுக்கி, தரதரவென்று இழுத்துப்போய் வெயிலில் நின்ற கரண்டு போஸ்டில் கட்டினார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான்.

"அண்ணே, அடிங்கண்ணே! நெழல்ல வச்சு அடிங்க! மாத்திரை போட்டுருக்கேன், வெயிலு ஆகாதுண்ணே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"தொரைக்கு நெழலு வேணுமாம்ல!" என்று பால்பாண்டி சட்டையைப் பிடித்துக் கிழித்தான். முதுகெங்கும் சிவந்த திட்டுகள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்து வேட்டியில் துடைத்தான். "ஏலே, ஒட்டுவாரொட்டிடா! எவனும் தொடாதீக!"

அடி நின்றது. ஆனால் கயிற்றை எவனும் அவிழ்க்கவில்லை. போலீசு வரட்டும் என்று அவர்கள் போய் மர நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் மட்டும் வெயிலில் நின்றான். ஒரு மணி நேரம்.

பால்பாண்டியின் மனைவி சுமதி அங்கன்வாடியிலிருந்து வந்துதான் காளீஸ்வரனின் பையைக் கொட்டினாள். சிகிச்சை அட்டையைப் படித்துவிட்டுக் கூட்டத்தின் முன்னால் நீட்டினாள்.

"அடப் பாவிகளா! இது ஒட்டாதுன்னு எழுதிருக்கு. வெயில்ல நிக்கக் கூடாதுன்னும் எழுதிருக்கு!"

அரிவாளால் கயிற்றை அறுத்து, தன் குடையை அவன் தலைக்குமேல் விரித்தாள்.

அன்று தோல் சிவந்ததோடு சரி. மூன்றாம் நாள்தான் முதுகு முழுக்கக் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் சட்டையோடு உரிந்து வந்தது. மூடியே வைத்திருந்ததால் கண் தப்பித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தவனிடம் பால்பாண்டி சாத்துக்குடிப் பையோடு வந்து நின்றான். சுமதியும் கூட வந்திருந்தாள். புகார் எழுதிக்கொள்ள வாசலில் ஏட்டு காத்திருந்தார்.

"தெரியாம நடந்துபோச்சு தம்பி. கேஸு கீஸுன்னு வேணாம். ராசியாப் போயிருவோம்."

"போயிருவோம்," என்றான் காளீஸ்வரன். "அதே போஸ்டுல சட்டையில்லாம ஒரு மணி நேரம் நில்லுங்க. கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

பால்பாண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அம்புட்டுத்தானா? பொறந்ததுல இருந்து வெயில்ல கெடக்குறவன்யா நான். இன்னைக்கே நிக்கேன்."

காளீஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்கு இன்னும் எதுவுமே விளங்கவில்லை. தலையணைக்கு அடியில் துழாவி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

"இத முழுங்கிட்டு, ரெண்டு மணி நேரங் கழிச்சு நில்லுங்க."

வாங்க நீண்ட கை பாதியில் நின்றது. பால்பாண்டி அந்த உரிந்த முதுகைப் பார்த்தான். பிறகு கையை மெல்ல இழுத்து மடக்கிக்கொண்டான்.

சுமதி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். வாசலுக்குப் போய் ஏட்டை உள்ளே கூட்டி வந்தாள்.