ஏழாம் எண் டியூப்

பத்துப் புழுவும் உயிரோடு இருந்தன. உயிரோடு என்றால் சும்மா இல்லை. கண்ணாடித் தட்டுக்குள் கொழுகொழுவென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள் ஆய்வுக்கூடத்துக்காரி.

நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த பூஞ்சையை இந்தப் புழுக்களுக்கு ஊசியில் ஏற்றிப் பார்ப்பது அவள் வேலை. ஒரே பூஞ்சையிலும் சாதுவான வகை உண்டு, ஆளையே விழுங்கும் வகையும் உண்டு. பொல்லாத வகையென்றால் மறுநாளே புழு கறுத்துச் செத்துக் கிடக்கும். தேங்கிக் கிடந்த பழைய டியூப்களில் நேற்று ஏற்றியது ஏழாம் எண். ஏழாம் எண் அவள் அண்ணன்.

நாலே நாளில் அண்ணனை வாரிக்கொண்டு போன பூஞ்சைக்கு ஒரு புழுவைக்கூட அசைக்க முடியவில்லையாம். இதை நம்ப அவள் என்ன காதில் பூ வைத்திருக்கிறாளா?

எட்டு மாதத்துக்கு முன் அண்ணன் கழுத்தில் டயாலிசிஸ் குழாயோடு இதே ஆஸ்பத்திரி வார்டில் பத்து நாள் படுத்திருந்தான். வீட்டுக்குப் போனதும் அண்ணிதான் கட்டு மாற்றினாள். மூன்றாம் நாள் காய்ச்சல், அப்புறம் சாவு. அந்த மாதம் அப்படிப் போனவர்கள் ஏழு பேர். எல்லாரிடமும் ஒரே வகைப் பூஞ்சை இருந்தால் வார்டிலிருந்து பரவியது என்று அர்த்தம். வேறு வேறு வகை என்றால் அவரவர் வெளியிலிருந்து கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத் தலைமை டாக்டர் மரபணுவை ஒப்பிட்டு, ஏழும் ஏழு வகை என்று அறிக்கை எழுதிவிட்டாள்.

எல்லாருக்கும் அவள் மேடம். இவளுக்கு மட்டும் பன்னிரண்டு வருஷமாக அக்கா. சாவு வீட்டில் இவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "வீட்லதாம்மா ஒட்டியிருக்கும். கட்டு மாத்தினது யாரு?" என்று கேட்டதும் அந்த அக்காதான். இவள் விருட்டென்று எழுந்துபோய், கூட்டத்துக்கு நடுவே, "உங்க கைதான் எங்க அண்ணனக் கொன்னுச்சு" என்று அண்ணி முகத்துக்கு நேரே சொன்னாள். அன்றோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனது.

இவளுக்கு ஒரு பழக்கம். எந்தப் பூஞ்சை வந்தாலும் இன்னொரு டியூபிலும் கொஞ்சம் எடுத்து, மூடியில் சிவப்பு நகச்சாயத்தால் பொட்டு வைத்து, உறைபெட்டியின் அடித்தட்டில் போட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பாள். அதுவே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

பொட்டு வைத்த ஏழாம் டியூபை எடுத்துப் புதிதாகப் பத்துப் புழுக்களுக்கு ஏற்றினாள். மறுநாள் பத்தும் கரிக்கட்டை. அந்த மாதத்துப் பொட்டு வைத்த டியூப் அத்தனையையும் மரபணுச் சோதனைக்குப் போட்டாள். ஏழு வரிசையிலும் அச்சடித்த மாதிரி ஒரே கோடுகள், ஏழும் ஒரே வகை. எட்டாவதாக வார்டு தெர்மாமீட்டரில் துடைத்தெடுத்த டியூபும் ஒன்று இருந்தது. "அதுல ஒண்ணும் இல்ல, தூக்கிப் போடு" என்று அக்கா அப்போதே சொல்லியிருந்தாள். அதிலும் அதே கோடுகள்.

முடிவுகளைக் கொண்டுபோய் முன்னால் வைத்தபோது டாக்டர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வார்ட இழுத்து மூடியிருப்பாங்கடி. எத்தன பேர் வேல போயிருக்கும் தெரியுமா?" என்றாள்.

"டியூப மாத்தினீங்க, சரி. சாவு வீட்டுல எதுக்கு அண்ணியக் கை காட்டினீங்க?"

"உன் சந்தேகம் வார்டு பக்கம் திரும்பிடக் கூடாதுன்னுதான்."

பிடித்த கை ஆறுதலுக்குப் பிடித்த கை இல்லை. அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவளை நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே பாவி! சோதனை முடிவுகளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரித் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு, நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த அண்ணியின் கைகள் சோப்புப் போட்டுப் போட்டுத் தோலுரிந்து வெளுத்திருந்தன. அதைப் பார்த்ததும் இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் செய்த துரோகத்தை ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

"அவ யாரோ எவளோ. அவ எனக்குத் துரோகம் பண்ணல," என்றாள் அண்ணி கடைசியில். "பதினஞ்சு வருஷம் இந்தக் கையால சாப்பிட்டவ நீ."

"அண்ணி, நான்..."

"யாரோட பூஞ்சையா இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வச்சு, ரெண்டாவது தடவ பாக்குறவதானே நீ? என்ன மட்டும் ஏன் ஒரு தடவகூடக் கேக்கல?"

அண்ணி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.